கொட்டைக்கரந்தை நின்ற மூலை

போன கிழமை நம்முடைய பள்ளிக்கூடக் குழுவில் ஒருவர் ஒரு பூவின் படத்தைப் போட்டு, இது என்ன பூ, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கடலையளவு உருண்டை, கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் பல்லுப் பல்லான இலை. அதற்குக் கீழே நீங்கள் எழுதிய பதில்களை வாசித்தேன். தொட்டாற்சுருங்கி என்றார் ஒருவர். வாடாமல்லி என்றார் இன்னொருவர், அதுவும் கனடாவிலிருந்து, வலு நிச்சயமாக. சிலபேர் கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். பூவைக் கும்பிட்டீர்களோ, கேட்டவரைக் கும்பிட்டீர்களோ தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரே வாய்க்காலில் குளித்து, ஒரே வரம்பில் நடந்து பள்ளிக்கூடம் போன ஆட்கள்தானே நாம்? பங்குனி பிறந்தால் கால் வைக்கிற இடமெல்லாம் நின்ற பூவை மறந்துபோனீர்களே!

அது கொட்டைக்கரந்தை. போனில் எழுத எனக்குக் கை வராது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் அடித்துத் தருகிறாள். பெயரை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பூவினால் ஒரு வருசம் எங்களுடைய வயற்காணி கைவிட்டுப் போகப் பார்த்தது. உங்களில் சிலருக்கு அது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், பொறுமையில்லாதவர்கள் கடைசிக்கு ஓடாதீர்கள்.

வயல் செய்கிறவர்களுக்கு அது பூவே அல்ல, களை. மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல்லை மாசியில் வெட்டியபின், வயலில் அடிக்கட்டை மட்டும் நிற்கிற காலத்தில், ஈரம் காய்வதற்குள் அது தலைகாட்டும். முதலில் நிலத்தோடு படர்ந்து கிடக்கும். சித்திரைக்குள் முழங்காலளவுக்கு எழும்பி உருண்டை உருண்டையாகப் பூத்துவிடும். இலையைத் தொட்டால் பிசின் மாதிரிக் கையில் ஒட்டும். மணம் என்றால் மணம், நாற்றம் என்றால் நாற்றம். கற்பூரத்தையும் மாங்காய்ப் பாலையும் சேர்த்துக் கசக்கினால் வருமே, அப்படி. ஆடு மாடு வாய் வைக்காது. நாங்கள் அந்த உருண்டைகளை ஆய்ந்து சிரட்டையில் போட்டு லட்டுக்கடை வைப்போம். எந்த லட்டுப் பெரியது என்று தலைமயிரைப் பிடித்து அடிபடுவோம். உங்களில் ஒருத்தி என் கையைக் கடித்ததும் அந்தக் கடையில்தான். ஆள் இப்போது லண்டனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் தாய்தகப்பன்மார் எல்லாரும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இறைப்புக் கிணறும் புகையிலைத் தோட்டமும்தான் தெரியும். குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற வேலையை இங்கே வந்துதான் பழகினார்கள். கண்டி வீதியில் கனகராயன்குளத்துக்குக் கிட்ட உள்ளே திரும்புகிற அந்தக் கிரவல் பாதையில், ஆளுக்கொரு குடியிருப்புக் காணியும் குளத்துக்குக் கீழே ஒரு வயற்காணியும் அரசாங்கம் கொடுத்தது. கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள், காலபோகம் தவறாமல் விதைக்க வேண்டும், புதரும் பற்றையுமாய் வளரவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போகும் என்று. பெரியவர்களின் வாயில் எந்நேரமும் அந்தக் கதைதான். "பத்தை" என்று யாராவது சொன்னாலே அம்மா மண்வெட்டியை எடுத்துவிடுவார். இத்தனைக்கும் எங்கள் முற்றத்தில் ஒரு புல் தப்ப முடியாது. புகையிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுசி அவர். களை என்றால் அவருக்கு வீட்டுக்குள் நாய் வந்தமாதிரி.

அந்த வருசம் விதைப்புக்கு முன்னமே அப்பா விழுந்துவிட்டார். வீட்டுக் கூரைக்கு வளை போடத் தறித்த பாலைமரக் குற்றி உருண்டு காலில் ஏறியது. அதன்பிறகு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பாதியும் அத்தை வீட்டில் பாதியுமாகப் பல மாதம் கிடந்தார். எலும்பு பொருந்த அவ்வளவு நாள் எடுத்தது. அம்மா என்னையும் அக்காவையும் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினார். பக்கத்துக் காணி மாமிதான் துணை. உறவில்லை, முறை வைத்துக் கூப்பிட்டோம். அம்மாவுக்கு மச்சாள், எங்களுக்கு மாமி. உழுதது மாமி வீட்டு எருதுகள், கதிரைச் சூடு மிதித்து நெல் பிரித்ததும் அவைதான், அதுவும் மாமி வீட்டுக் களத்தில். அந்த எருதுகளுக்குத் தீனியாக வைக்கோலை முழுக்க அங்கேயே விட்டுவிட்டார் அம்மா. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் பாதி விற்றாயிற்று, மீதியைக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் அப்பாவைப் பார்க்கப் போனோம். ஆனையிறவில் பஸ் யன்னலால் வந்த உப்புக் காற்று இன்னும் என் உதட்டில் இருக்கிறது. அப்பா கட்டிலில் மெலிந்துபோய்க் கிடந்தார். அம்மாவிடம் எத்தனை மூட்டை, என்ன விலை என்று எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வயல் எப்பிடிப் பிள்ளை கிடக்கு?"

"முழுக்கப் பூ அப்பா. கத்தரிப்பூக் கலர். வரம்பிலை நிண்டு பாத்தா வேறை ஒண்டும் தெரியாது."

"நெல்லு வெட்டின வயலிலை பூவோ?" அவருக்கு நம்பிக்கையில்லை. காடு வெட்டி முதல்முறை விதைத்த வருசம் அது முளைக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரோடு விதை வந்திருக்க வேண்டும். "சரி, நான் வருமட்டும் வைச்சிரு. வந்து பாக்கிறன்."

அவர் சும்மா சொன்னார். நான் சும்மா கேட்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்த கையோடு குடியேற்ற உத்தியோகத்தர் வந்தார். யாரோ பெட்டிசம் போட்டிருந்தார்கள், ஆம்பிளையில்லாத காணி, விதைக்காமல் பற்றை பற்றிக் கிடக்கிறதென்று. நம்முடைய ஆட்களுக்கு அடுப்பில் வைக்க அரிசி இல்லாவிட்டாலும் பெட்டிசம் எழுதக் கடதாசி இருக்கும். யார் எழுதியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தாலும் இங்கே சொல்லமாட்டேன், அவர்களுடைய பிள்ளைகள் இந்தக் குழுவில் இருக்கக்கூடும். இருந்தால் பயப்படாதீர்கள். நான் இப்போது சண்டைக்கு வரவில்லை.

உத்தியோகத்தரை நாங்கள் தொப்பிக்காரர் என்போம். வெயிலுக்குப் போடுகிற வட்டத் தொப்பியும் காலில் பளபளவென்ற சப்பாத்தும்தான் எங்களுக்கு அவர். ஜீப்பை விட்டு இறங்கி வரம்பில் ஏறி நின்று பார்த்தார். சப்பாத்தோடு வயலுக்குள் இறங்கவில்லை.

"இதென்ன பிள்ளை, நெல்லு வயலோ, பூந்தோட்டமோ?"

"நெல்லுத்தான் ஐயா. மாசியிலை வெட்டினனாங்கள்," என்றார் அம்மா.

"வெட்டின வயல் இப்பிடியே கிடக்கும்? ஒரு வருசமாய் ஆள் இறங்காத காணி மாதிரியெல்லோ கிடக்கு. பத்தை பத்திப்போச்சு."

"ஐயோ, இது பத்தையில்லை ஐயா, ஒரு பூண்டு. நெல்லு வெட்டத்தான் வந்தது."

"அப்ப வைக்கல் எங்கை?"

"மச்சாள் வீட்டுக் களத்திலை கிடக்கு ஐயா. அங்கைதான் சூடடிச்சது."

"வேறை ஆற்றையோ களத்து வைக்கலைக் காட்டி என்னை ஏமாத்தேலாது பிள்ளை. வைகாசியிலை வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியத் திரும்பி வருவன். வந்து பாத்துத்தான் எழுதுவன்."

ஜீப் போன புழுதி அடங்கவில்லை, அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கரந்தையைப் பிடித்து இழுத்தார். சத்தம் கேட்டு மாமி ஓடிவந்தார்.

"எடி, உனக்கென்ன விசரே? ஆவணியிலை உழேக்கை மண்ணோடை மண்ணாய்ப் போற பூண்டு. உதைப் போய் ஆராவது புடுங்குவினமே?"

"அந்த மனிசன் பத்தை எண்டு சொல்லிப்போட்டெல்லோ போறார் மச்சாள். திரும்பி வரேக்கை ஒரு பூண்டு நிக்கக்கூடாது. எங்கடை ஊர்த் தோட்டம் மாதிரிக் கிடக்கோணும்."

"கோதாரி! இது வயலடி, தோட்டமில்லை."

"ஆற்றை காணி மச்சாள் போகப்போகுது? என்ரை காணி. அவர் காடு வெட்டி வெளியாக்கின காணி. நான் விடமாட்டன்."

மாமி திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தார். எங்கள் அம்மா விடமாட்டன் என்றால் விடமாட்டார். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறதென்று மகள் இப்போது சிரித்துக்கொண்டே அடிக்கிறாள். அடி மகளே, அடி.

பிறகு என்ன? விடிந்தால் வயல், பொழுதுபட்டால் வீடு. சோளகக் காற்றுப் பிடித்து வீசுகிற காலம். கண்ணைத் திறக்க முடியாமல் மண் அடித்தது. நாங்கள் மூன்று பேரும் வரிசையாகக் குந்தியிருந்து பிடுங்கினோம். காய்ந்த நிலம் வேரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. அக்காவின் உள்ளங்கை கொப்பளித்துத் தண்ணீர் வைத்தது. கரந்தைப் பிசின் விரலிடுக்கெல்லாம் ஏறிக் கறுத்தது, சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோறு கரந்தை மணத்தது. நித்திரையிலும் அந்த மணம்தான்.

பூண்டை மட்டும் பிடுங்கியிருந்தால் பரவாயில்லை. இடையில் நின்ற நெல் அடிக்கட்டை அம்மாவின் கண்ணைக் குத்தியது. "அரையும் குறையுமாய் நிண்டால் வடிவில்லை" என்று அதையும் மண்வெட்டியால் செதுக்கினார். செதுக்கியதையெல்லாம் கூட்டி அள்ளி, குவித்து நெருப்பு வைத்தார். அந்தப் புகையில் எங்கள் பக்கத்து நுளம்பெல்லாம் குளத்துக்கு அந்தப்பக்கம் ஓடியிருக்கும். கடைசியில் வயல், புகையிலை நடப்போகிற தோட்டம் மாதிரி, ஒரு தும்பு இல்லாமல் கிடந்தது. பாதையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உங்களுடைய அப்பாமாரும் பார்த்தார்கள். "இதெல்லோ வேலை!" என்று மெச்சினார்கள். ஊர் முழுக்கத் தோட்டக்காரர். ஒருவருக்காவது நெஞ்சில் தைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். மாமி ஒருத்தி வேண்டாம் என்றார், அவருக்கும் அது வீண் வேலை என்றுதான் பட்டதே தவிர, வேறொன்றும் தெரியவில்லை.

நான் மட்டும் ஒரு மூலையை விட்டு வைத்திருந்தேன். வாய்க்கால் பக்கம், மருதமரத்துக்குக் கீழே, ஒரு பாய் விரிக்கிற அளவு. அந்த மூலையை நான் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பிடுங்கிய பூண்டை அதற்கு முன்னால் குவித்து மறைத்துவிட்டேன். அப்பா வந்து பார்க்க ஒரு துண்டாவது நிற்க வேண்டாமா? கடைசி நாள் பின்னேரம் எரிப்பதற்குக் குவியலை அள்ள வந்த அம்மா கண்டுவிட்டார்.

பூவரசம் தடி முறியுமட்டும் அடித்தார். நான் ஓடவில்லை. ஓடினால் பூவை வெட்டிவிடுவார் என்று தெரியும். அந்தக் கரந்தைக்கு மேலே மல்லாக்காக விழுந்து படுத்துவிட்டேன்.

"எழும்படி!"

"மாட்டன்."

"காணி போகப்போகுதெண்டு நான் வயிறு எரியிறன், உனக்குப் பூவோ? ஆருக்கடி வைச்சிருக்கிறாய்?"

அப்பாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும், அழுதால் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். முதுகில் என்னவோ குத்திக்கொண்டிருந்தது. அக்கா வரம்பில் நின்று அழுதாள். அம்மாவுக்குக் கையோய்ந்துவிட்டது. முறிந்த தடியை வாய்க்காலில் எறிந்தார்.

"விடியட்டும், நானே வந்து வெட்டுறன். அப்பவும் குறுக்கை படு பாப்பம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

விடியற்காலை அம்மா மண்வெட்டியோடு முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். குறுக்கே படுக்கத்தான் போனேன். பாதி வழியில் ஜீப் சத்தம் கேட்டது. பொங்கல் முடிய வருகிறேன் என்றவர், குடும்பத்தோடு பொங்கலுக்குப் போகிற வழியிலேயே இறங்கிவிட்டார். தொப்பி இல்லை, சப்பாத்து இல்லை. வேட்டியும் சால்வையும் நெற்றி நிறைய விபூதியுமாக வெறுங்காலோடு வந்த மனுசனை எனக்கு முதலில் ஆளே மட்டுப்படவில்லை. ஜீப்புக்குள் அவருடைய மனுசி பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வரம்பில் ஏறி வயலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"என்ன பிள்ளை இது?"

"துப்பரவாக்கினனாங்கள் ஐயா. ஒரு பூண்டு இல்லை, பாருங்கோ."

"எப்ப?"

"நீங்கள் வந்து போனாப்பிறகுதான்."

"அப்ப நான் நினைச்சது சரி." அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. "பத்தையாய்க் கிடந்ததை அவசரமாய் வெளியாக்கியிருக்கிறியள். நெல்லு வெட்டின வயலெண்டால் அடிக்கட்டை எங்கை பிள்ளை? ஒண்டையும் காணேல்லையே. இது புதுசாய் வெட்டின காணியெல்லோ."

அம்மா வெறும் மண்ணைப் பார்த்தார், எரித்த சாம்பலைப் பார்த்தார், பிறகு தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு வந்த யுத்தத்தில் எத்தனையோ ஓட்டம் ஓடியிருக்கிறோம், எத்தனையோ இழவு கண்டிருக்கிறோம். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பயத்தை அதற்கு முதலும் நான் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. அவர் அடித்ததால் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியாது.

"அங்கை நிக்குது!" என்று கத்தினேன்.

"என்ன நிக்குது?"

"அடிக்கட்டை. கரந்தைக்குள்ளை நிக்குது. நேற்று எனக்கு முதுகெல்லாம் குத்தினது."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். மருதமரத்தடியில் நான் படுத்துப் புரண்டு நசிந்த கரந்தை பாதி எழும்பி நின்றது. குனிந்து இரண்டு கையாலும் விலக்கினார். உள்ளே, பூண்டுக்குப் பூண்டு இடையில், நெல் அடிக்கட்டை நெருக்கமாக நின்றது. அரிவாள் போன சரிவு ஒவ்வொன்றிலும் அப்படியே தெரிந்தது. ஒன்றைப் பிடுங்கி வேரைத் தட்டிப் பார்த்தார். அடியில் ஒரு கதிர் விழுந்து காய்ந்து கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் உரசி, நெல்லை ஊதிப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் அம்மாவிடம், "இவ்வளவு சாட்சியையும் புடுங்கி நெருப்பு வைச்சுப்போட்டெல்லோ நிக்கிறாய்."

அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் திரும்பியது. திரும்பிய கையோடு நாக்கும் திரும்பிவிட்டது.

"அண்டைக்கு இப்பிடி நீங்கள் இறங்கிப் பாத்திருந்தால் நான் ஏன் ஐயா புடுங்கிறன்?"

ஜீப்புக்குள் இருந்து அவருடைய மனுசி சிரித்தது கேட்டது. அவர் கோபிக்கவில்லை. வேட்டியில் ஒட்டிய பூவைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் இதை மட்டும் விட்டனி?"

"அப்பா வந்து பாக்கிறன் எண்டவர்."

அம்மா மருதமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உத்தியோகத்தர் என் தலையில் கைவைத்துவிட்டு வரம்பில் ஏறினார். "காணி உங்கடைதான். பிந்தாமல் விதையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அம்மா மத்தியானம் குசினிக்குள் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தடித் தழும்புக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவினார். பின்னேரம் காரைமுள் வெட்டி இழுத்துக்கொண்டு போய் அந்த மூலையைச் சுற்றி வேலி போட்டார். ஆடுமாடு வாய் வைக்காத பூண்டுக்கு எதற்கு முள்வேலி என்று மாமி கேட்டதற்கு, "உங்களுக்கு விளங்காது மச்சாள்" என்றார். அடித்தது பிழை என்று அவர் சொன்னதேயில்லை. எனக்கு அந்த வேலி போதும்.

அப்பா ஆடியில் கைத்தடியோடு வந்தார். பஸ்ஸால் இறங்கி நேரே வயலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். பூவெல்லாம் காய்ந்து மண்ணிறமாகி, தொட்டால் உதிர்கிற நிலையில் நின்றன. எனக்கு அழுகை வந்தது. அப்பா ஒரு காய்ந்த உருண்டையை ஆய்ந்து, கையில் கசக்கி, மூக்கில் வைத்தார்.

"சீ, என்ன நாத்தமடி!" என்றார். பிறகு இன்னொருமுறை மணந்து பார்த்தார். "உதுக்கே அடி வாங்கினனி?"

அம்மா கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கிறார்.

இனிக் கடைசிக் காரணத்துக்கு வருகிறேன். அந்தக் கைத்தடி, அம்மாவின் மண்வெட்டி, காணி உறுதிப் பத்திரம் வைத்திருந்த தகரப்பெட்டி, மருதமரம், எதுவும் இப்போது இல்லை. எங்கெங்கே ஓடினோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா இடம்பெயர்வுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார், அக்காவும் மாமியும் பிறகு. அம்மா முகாமில், கூடாரத்துக்குள், "வயலிலை களை முட்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்து பார்த்தபோது வயலில் ஆள் மறையக் காடு. நானும் மகளும் மருமகனும் வெட்டினோம், எரித்தோம், உழுதோம். போன காலபோகம்தான் முதல்முறை விதைத்தோம். விளைந்தது. மாசியில் மெசின் விட்டு வெட்டினோம், மெசின்காரர் வைக்கோலையும் கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சித்திரையில் பார்த்தால், யாரும் விதைக்காமல், யாரும் கூப்பிடாமல், வயல் முழுக்கக் கொட்டைக்கரந்தை. வாய்க்கால் திரும்ப ஓடத் தொடங்கியதும் அதுவும் வந்துவிட்டது. வரம்பில் இருந்து அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

நேற்று முன்தினம் வனத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். இளம் பிள்ளை, மரியாதையான பிள்ளை. பாதையிலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். மேலேயிருந்து எடுத்த படமாம். "இதிலை முழுக்கப் பச்சையாய்த்தானே அம்மா தெரியுது. காடு எண்டுதான் பதிவாகியிருக்கு. இப்பவும் பத்தைதானே நிக்குது. எல்லைக்கல் போடவேண்டி வரும். அடுத்த கிழமை வந்து பாக்கிறம்," என்றார். உறுதியைக் கேட்டார். தகரப்பெட்டி எங்கே என்று நான் யாரைக் கேட்பது?

மகள் பயந்துவிட்டாள். அவர்கள் வருவதற்குள் உழவு இயந்திரத்தை இறக்கி எல்லாவற்றையும் புரட்டித் துப்பரவாக்குவோம் என்றாள். சொல்லும்போது அச்சு அசல் என் அம்மாவின் முகம். இன்று காலை உழவுக்காரப் பெடியனும் வந்து நின்றான். ஆவணிக்கு வா, இப்போது ஒரு பூ அசையக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் மகளை இருத்திவைத்து இதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவளுக்கும் இந்தக் கதை தெரியாது. அடித்துக்கொண்டு வந்தவள் மருதமரத்தடியில் ஒருமுறை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

தமிழ் வாத்தியார் வகுப்பில் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? களவு போன மாட்டை மீட்கப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் கரந்தை சூடிக்கொண்டு போவார்களாம். அது இந்தக் கரந்தையோ, வேறு கரந்தையோ, பண்டிதர்கள் அடிபடட்டும். நான் சூடப்போவதில்லை, இந்த வயதில் அது ஒன்றுதான் குறை. இந்தப் பூ காட்டுக்குள் வராது, உழுது நெல் விளைந்த சேற்றில்தான் வரும் என்பதை மட்டும் சொல்லப்போகிறேன். சொன்னால் நம்பமாட்டார்கள். விலக்கிக் காட்டினால் உள்ளே அடிக்கட்டை நிற்கிறது. மெசின் வெட்டிய அடிக்கட்டை இன்னும் உயரம், கண் தெரியாதவனுக்கும் குத்தும்.

உங்களில் கிட்ட இருப்பவர்கள், புளியங்குளத்தில் இருப்பவர்கள், அடுத்த கிழமை வந்து என்னோடு வரம்பில் நின்றால் நல்லது. இந்தக் காணி யாருடையது என்று அந்தப் பிள்ளைக்கு நீங்களும் வாயால் சொல்லலாம். தூரத்தில் இருப்பவர்கள் கைகூப்பிய படம் போட வேண்டாம். ஒருவரும் வராவிட்டாலும் நான் நிற்பேன்.

வரம்பில் நான் இருக்க இப்போதே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாயிற்று. அவர் வந்தால் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறாள். சிரிக்கட்டும். "உந்தப் போனை உள்ளை வையுங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வயலுக்குள்ளை இறங்குங்கோ."